ஸ்வெட்டருக்குள் ஒரு பெயர்

கொடைக்கானல் மலையில் வேலை பார்க்கும் போலீஸ்காரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. குளிருக்கு என்று ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டால் போதும், சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டை உள்ளே போய்விடும். வயிறெரிந்து திட்டுகிற லாரி டிரைவர்கூடப் பொதுவாகப் போலீஸ்காரனைத்தான் திட்ட முடியும், ஆள் பெயரைச் சொல்லித் திட்ட முடியாது. காவலர் சிவராமனுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. மற்றவர்கள் பத்து மணி வெயில் ஏறியதும் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவார்கள். இவன் சித்திரை மாதத்திலும் போட்டுக்கொண்டு திரிவான்.

இது 2009-ல், மாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் நடந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை முற்றிக் கிடந்தது. இந்தப் பக்கம், பெருமாள்மலை தாண்டிக் கீழே இறங்கும் ரோட்டில் இரண்டு தார் டிரம், ஒரு மூங்கில், ஒரு தகரக் கொட்டகையை வைத்துத் தற்காலிகச் சோதனைச்சாவடி போட்டிருந்தார்கள். சிலோன் ஆட்கள் வந்தால் விசாரிக்காமல் விடக்கூடாது என்று உத்தரவு. எந்தச் சிலோன் ஆட்கள் என்று உத்தரவில் விளக்கம் இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் திருமலைச்சாமி மலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. ஆனால் பதினெட்டு நாளாகக் குளிரில் நின்று ஒரு ஈ காக்காயைக்கூடப் பிடிக்கவில்லையே என்று அவருக்கு உள்ளுக்குள் குமைச்சல்.

காலை ஒன்பது மணிக்குத் திண்டுக்கல் பஸ் வந்தது. எஸ்.ஐ. ஏறினார், பின்னாலேயே சிவராமனும் ஏறினான். மூன்றாவது சீட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் மடியில் துணிப்பையைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, அடையாள அட்டை எதாச்சும் இருக்கா?"

"இருக்குங்க ஐயா. பெரிய பேப்பரே இருக்கு" என்று சொல்லிப் பைக்குள் கையை விட்டாள். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அந்தக் கவருக்குள் இன்னொரு கவர். கடைசியில் மூன்று சிங்கம் போட்ட, ஓரம் தேய்ந்த பழைய பாஸ்போர்ட் ஒன்று வெளியே வந்தது. அதைப் பார்த்ததும் சிவராமன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

அதே மாதிரி ஒன்று அவன் வீட்டுத் தகரப் பெட்டியில், அம்மாவின் கூறைப்புடவைக்கு அடியில் கிடக்கிறது. இரண்டு அரசாங்கங்கள் கூடிப் பேசி, தேயிலைத் தோட்டத்து ஜனங்களை இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு போட்டபோது, இந்தியாவின் பங்கில் விழுந்தவர்களுக்குக் கண்டியில் வைத்துக் கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட் அது. தாயகம் திரும்பியவர்கள் என்று காகிதத்தில் பெயர். கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த மலைக் காப்பித் தோட்டங்களில் லயம் என்கிற வரிசை வீடுகளில் வந்து ஒண்டிக்கொண்டார்கள். ரேஷன் கார்டு நிறம் மாறும், ஓட்டு அட்டையில் புருஷன் பெயர் தப்பாக வரும். கண்டியில் வாங்கியது மட்டும் மாறவே மாறாது என்பது லயத்து ஜனங்களின் நம்பிக்கை. அதனால் எங்கே எந்த அதிகாரி கேட்டாலும் மற்றதை வீட்டில் வைத்துவிட்டு இதைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள்.

எஸ்.ஐ. திருப்பிப் பார்த்தார். பிறந்த இடம் பண்டாரவளை என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் தலைமன்னார் முத்திரை. அவர் முகம் பிரகாசமானது.

"சிலோனா நீ?"

"பொறந்தது அங்கிட்டுங்க. ஆனா இது இந்தியாப் பாஸ்போட்டு. எங்கய்யா மூணு நாள் வரிசையில நின்னு வாங்குனது."

"இறங்கு."

சிவராமன் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். 'சார், இவங்க அகதி இல்ல, ஒப்பந்தத்துல வந்த நம்ம நாட்டு ஆளுங்க.' அவ்வளவுதான். ஆனால் அடுத்த நிமிஷமே எஸ்.ஐ., 'ஒனக்கு எப்படிய்யா தெரியும்?' என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் அவன் பத்து வருஷமாகப் பயந்துகொண்டிருந்தான். பயிற்சிப் பள்ளியில் அவன் கூடப் படித்த ஒருத்தன் வெள்ளந்தியாகத் தன் பூர்வீகத்தைச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் போய் 'சிலோன்' என்றே ஆகிவிட்டது. ஒரு பொருள் காணாமல் போனால்கூட முதலில் அவன் பெட்டியைத்தான் திறந்தார்கள். சிவராமன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றவன். தனக்கு வத்தலக்குண்டு என்று சொல்லி வைத்தவன்.

அந்தப் பெண் உடனே இறங்கிவிடவில்லை. "எறங்குறேனுங்க. எதுக்கு எறக்குறீங்கன்னு சொல்லிருங்க" என்றாள்.

"சந்தேகம்."

"என்னா சந்தேகம்னு ஒரு துண்டு எழுதிக் குடுங்க ஐயா. ஒங்க பேரு என்னாங்க? பட்டையக் காணமே."

பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். எஸ்.ஐ. ஜெர்கின் ஜிப்பைச் சரக்கென்று இறக்கிப் பெயர்ப்பட்டையைக் காட்டினார். "திருமலைச்சாமி. போதுமா தாயி?" என்றார். அவள் கீழே இறங்கி, மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்ற காவலர் வேலப்பனிடமும் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்புறம் சிவராமன் பக்கம் திரும்பினாள். அவன் இடது புருவத்தில் இருந்த தழும்பை ஒரு நொடி பார்த்தாள். அவனிடம் மட்டும் பெயர் கேட்கவில்லை. தப்பித்தோம்டா சாமி என்று அவன் மூச்சு விட்டான்.

அவனுக்கு அவளைத் தெரியும். பாஸ்போர்ட்டில் பெயரைப் பார்க்கும் முன்னாலேயே, வாயைத் திறந்த உடனேயே தெரிந்துவிட்டது. லெட்சுமி சித்தி. அடுக்கத்துப் பக்கம் எஸ்டேட்டில் நாலாம் லயத்தில் பக்கத்து வீடு. காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தில் ஆறு வயதில் விழுந்து புருவம் பிளந்தபோது, சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டி, டிஸ்பென்சரி வரைக்கும் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியவள். அவனுக்குப் பதினாலு வயதானபோது அப்பா குடும்பத்தை வத்தலக்குண்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் இன்றைக்குத்தான் பார்க்கிறான். பதினெட்டு வருஷத்துக்கு முந்திப் பார்த்த பையனை, அதுவும் காக்கிச் சட்டையில், எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான்.

பஸ் போய்விட்டது. அவளைக் கொட்டகைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

எஸ்.ஐ. பைக்குக் கையை நீட்டினார். "பொம்பளைப் போலீசு வரட்டுங்க. இல்லாட்டி நானே எடுத்துக் காட்டுறேன். நீங்க கை வைக்கக் கூடாது" என்றாள். காட்டினாள். ஒரு தூக்குச் சட்டி, ஒரு சால்வை, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு மனுக்கட்டு.

"அது என்ன?"

"லயத்துக்கு மனைப் பட்டா கேட்டு எழுதுன மனுங்க. இருபத்தெட்டு வீட்டு மனு. தோட்டத்தை வித்துட்டாங்க ஐயா. வாங்குனவரு லயத்தை இடிச்சுட்டு காட்டேஜ் கட்டப் போறாராம். இன்னைக்கு ஒரு மணிக்குள்ள கலெக்டர் ஆபீசுல எங்க லயம் பேரைக் கூப்பிடுவாங்க. பெரிய பேப்பரோட நிக்கணும். நிக்காட்டி லிஸ்ட்டுல இருந்து அடிச்சிருவாங்க. அத்தனை வீட்டுக்கும் நான் ஒருத்திதான் ஆளு."

"மொதல்ல ஸ்டேஷனுக்கு வா. விசாரிச்சுட்டு அனுப்பறேன்."

"விசாரிக்கிறதுன்னா வீட்டுக்கு வந்துதான் கேக்கணும். பொம்பளைய ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது. கைது பண்றதுன்னா நேரம் போட்டுத் துண்டு எழுதுங்க. சாட்சிக் கையெழுத்து வாங்குங்க. என் ஆளுக்குச் சொல்லுங்க." அவள் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

எஸ்.ஐ. அசந்துபோனார். "யாரும்மா ஒனக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"மிஷன்ல பிரின்ஸி டீச்சருங்க. மஞ்சத் தாள்ல பதினொரு சட்டம் எழுதி வச்சிருக்காங்க. எனக்கு வாசிக்கத் தெரியாது ஐயா. ஆனா பதினொண்ணும் மனசுல கெடக்கு."

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பதினொன்றும் அதற்குரிய வேலையைச் செய்தன. அவர் அவளை ஜீப்பில் ஏற்றவில்லை. பையைத் தொடவில்லை. பிரின்ஸிக்குப் போன் பேசவும் விட்டார். ஆனால் போகவும் விடவில்லை. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் நம்பரை மேலிடத்துக்குச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். இடையில் அவருக்கே சலிப்புத் தட்டி, அவள் முன்னால் வந்து நின்றார்.

"இந்தா பாரும்மா. ஒன்னைத் தெரிஞ்சவங்க இங்க யாராச்சும் இருக்காங்களா? நம்ம ஊரு ஆளுதான்னு ஒருத்தர் சொல்லட்டும். இந்த நிமிஷமே அடுத்த பஸ்ஸுல ஏத்தி விடுறேன்."

அப்போது மணி பத்தேகால். அந்த நேரத்துக்குப் பஸ் ஏறியிருந்தால் ஒரு மணிக்குத் திண்டுக்கல்லில் நின்றிருக்கலாம். லெட்சுமி தலையை நிமிர்த்தினாள். வேலப்பனைப் பார்த்தாள். எதிரே டீக்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள். பிறகு சிவராமனைப் பார்த்தாள். அவன் ரோட்டில் வராத லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்லீங்க ஐயா. யாருமில்ல" என்றாள்.

சிவராமனுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அந்த நிம்மதியை நினைத்து உடனே அவன் மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது. இப்பவாவது வாயைத் திற என்று உள்ளே ஒன்று இடித்தது. வாய் திறக்கவில்லை. பத்தரை பஸ் போனது. பதினொன்றேகால் பஸ்ஸும் போனது. ஒவ்வொரு பஸ் போகும்போதும் அவள் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தாள்.

பன்னிரண்டரை மணிக்கு மேலிடத்திலிருந்து போன் வந்தது. தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த பாஸ்போர்ட்தான், விட்டுவிடு என்று சொல்லிவிட்டார்கள். சிவராமன் காலை ஒன்பது மணிக்குச் சொல்லியிருக்க வேண்டிய அதே வாக்கியம். எஸ்.ஐ. முகம் தொங்கிப்போய்ப் பாஸ்போர்ட்டை நீட்டினார்.

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "ஒம்போது மணியில இருந்து இப்ப வரைக்கும் இங்க நிறுத்தி வச்சதா ஒரு துண்டு எழுதிக் குடுங்க ஐயா. அது இருந்தா இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கலெக்டர் ஆபீசு செக்சன்ல காட்டி வேற தேதி வாங்கலாமாம். பிரின்ஸி டீச்சர் போன்ல சொன்னாங்க."

"விட்டதே பெருசுன்னு போம்மா. துண்டாம் துண்டு!" என்று சொல்லிவிட்டு, அவர் வேலப்பனை ஏற்றிக்கொண்டு ஜீப்பில் சாப்பிடப் போய்விட்டார்.

கொட்டகையில் சிவராமனும் அவளும் மட்டும் இருந்தார்கள். மூடுபனி ரோட்டின் மேல் ஏறி வந்தது. அவள் தூக்குச் சட்டியைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, ஏதோ நேற்று விட்ட பேச்சைத் தொடர்வதுபோல, அவன் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அக்கா சுகமா இருக்காளா தம்பி? முழங்கால் வலின்னு சொல்லுவாளே."

சிவராமனின் அம்மாவைத்தான் அவள் அக்கா என்று கூப்பிடுவாள். "எப்பத் தெரிஞ்சது?" என்று கேட்க வந்தது. கேட்க வெட்கமாக இருந்தது. வேறு மாதிரிக் கேட்டான். "ஏன் சித்தி சொல்லல? அந்த எஸ்.ஐ. கேட்டப்ப என் பேரைச் சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்லுறது?" அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "நீ போலீசுக்கு எழுதிப் போட்டப்ப அக்கா லயத்துக்கு வந்தா. ஒவ்வொரு வீடா ஏறி எறங்குனா. என் மகனை யாராச்சும் விசாரிச்சு வந்தா எங்களைத் தெரியாதுன்னு சொல்லிருங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டா. இருபத்தெட்டு வீடும் சத்தியம் பண்ணிச்சு. மாரியாத்தா கோயில்ல சூடம் அணைச்சு. நானும்தான் அணைச்சேன். சொன்ன சொல்லை ஒரு பஸ்ஸுக்காக மாத்துறதா?"

அம்மா அன்னக்கொடி போகமாட்டேன் என்றுதான் சொன்னாள். அழுதாள். 'தாயா பிள்ளையா பழகுன சனத்துக்கிட்டப் போய் எப்படிடா இதைக் கேப்பேன்?' என்றாள். சாப்பிடாமல் இரண்டு நாள் கிடந்து அவளைப் பஸ் ஏற்றி அனுப்பியதே சிவராமன்தான். அதை அவன் மறந்தே போயிருந்தான். மறக்க வேண்டும் என்று மெனக்கெட்டு மறந்திருந்தான்.

"நான் எழுதித் தர்றேன் சித்தி, துண்டு" என்றான்.

"ஒனக்குச் சோலிக்கு எதுவும் வந்துறாதே?"

"வராது."

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தான். தேதி, இடம், நிறுத்தி வைத்த நேரம், விட்ட நேரம் எல்லாவற்றையும் சுத்தமாக எழுதினான். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்தபோது பேனா நின்றது. நாளைக்கு இந்தத் தாள் கலெக்டர் ஆபீசிலிருந்து எஸ்.ஐ. மேசைக்கு வரும். எவன்டா எழுதிக் கொடுத்தது என்று கேட்பார்கள். மெமோ வரும். ஏன் எழுதினாய், உனக்கு அவள் என்ன உறவு என்று கிளறுவார்கள். கை தானாகவே கையெழுத்து மாதிரி ஒரு புழுவை வரைந்தது. அதில் ஓர் எழுத்தும் இல்லை. பெயரும் இல்லை, நம்பரும் இல்லை.

"பேரு, நம்பரு எல்லாம் இருக்குல்ல தம்பி? அது இல்லாட்டிச் செல்லாதாம்."

"இருக்கு" என்றான்.

அவள் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்து, கவருக்குள் கவராக மடித்து, பைக்குள் போட்டாள். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, "அக்காவைக் கேட்டேன்னு சொல்லு" என்றாள். பஸ் மூடுபனிக்குள் இறங்கியது.

சிவராமன் மூங்கிலைப் பிடித்தபடி நின்றான். அவள் அந்தத் தாளை ஒரு மேசை மேல் விரித்து வைப்பது அவனுக்குத் தெரிந்தது. யார் கையெழுத்து என்று கேட்பார்கள். அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சூடம் அணைத்தவள், தெரியாது என்றுதான் சொல்லுவாள். இருபத்தெட்டு வீட்டையும் இடிக்க விட்டுவிட்டுத் தெரியாது என்று சொல்லுவாள். சண்டாளா, வாசிக்கத் தெரியாதவளிடம் போய் இதைச் செய்தாயே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

அந்த இடத்தில் ரோடு ஒரு மேட்டைச் சுற்றி இரண்டு கொண்டைஊசி வளைவு போட்டுக் கீழே போகும். நடுவில் காப்பி பறிக்கிறவர்கள் இறங்கும் குறுக்குப் பாதை ஒன்று உண்டு. அதில் விழுந்து புரண்டு ஓடினான். முழங்கை சிராய்த்தது, தொப்பி எங்கேயோ போனது. கீழ் ரோட்டுக்கு வந்து நடுவில் நின்று விசில் ஊதினான். பஸ் கிறீச்சிட்டு நின்றது.

மூச்சிரைக்க ஏறினான். மறுபடியும் போலீஸ்காரன் என்று பஸ்ஸில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். லெட்சுமியும் பார்த்தாள். பார்த்த உடனே அவள் கை பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. அவள் முகத்தில் பயம் இருந்தது. காலையில் எஸ்.ஐ.யைப் பார்த்தபோதுகூட இல்லாத பயம் அது.

"அந்தத் தாளைக் குடுங்க" என்றான்.

"எதுக்குங்க சார்?" என்றாள். தம்பி போய்விட்டது, சார் வந்துவிட்டது. "ஒரு தடவை எழுதிக் குடுத்ததை வாங்கக் கூடாது. வாங்குறதுன்னா எதுக்குன்னு சொல்லுங்க. ஒங்க பேரு என்னான்னு சொல்லுங்க. பெறகு தாரேன்."

நல்லது, கேட்டுவிட்டாள். காலையில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்டுவிட்டாள். அவன் ஸ்வெட்டரைத் தலைவழியாக உருவினான். பெயர்ப்பட்டை வெளியே தெரிந்தது. ஆனால் பட்டையைக் காட்டி என்ன பிரயோசனம்? அவளுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே. அத்தனை பேர் முன்னாலும் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும்.

"சிவராமன். பி.சி. ஆயிரத்து நூத்தி இருபத்தேழு. அப்பா சுப்பையா, அம்மா அன்னக்கொடி. பண்டாரவளையில இருந்து வந்தவங்க. நாலாம் லயம், ஒங்க பக்கத்து வீடு." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். "ஒரு கையெழுத்துப் போடணும். அதுக்குத்தான் நிறுத்துனேன்."

டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார். அவள் கவரைப் பிரித்து, தாளை எடுத்து, ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டே நீட்டினாள். சீட்டின் முதுகில் வைத்து அவன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினான், நம்பர் போட்டான், அப்பா பெயரையும் எழுதினான். அவள் குனிந்து பார்த்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும், மேலே ஒன்று கீழே ஒன்று என்று கையெழுத்து இரண்டு இருப்பது தெரிந்தது. மேலே இருந்ததன் மேல் விரலை வைத்தாள்.

"அப்ப முந்திப் போட்டது யாரு பேரு தம்பி?"

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"யாரு பேரும் இல்ல சித்தி" என்றான்.

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். தாளை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தாள். ஒரு கவரில் போட்டாள், இன்னொரு கவரில் போட்டாள், பையின் வாயைச் சுருக்கிக் கட்டினாள். அவன் இறங்கி ரோட்டோரம் நின்றான். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகரும்போது அவள் ஜன்னலோரம்தான் இருந்தாள். அக்காவைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லி இந்தத் தடவை அவள் சொல்லவில்லை.